நாளைக்குக் கலியாணம், இன்றைக்குப் பரு

வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குப் பிறகு எங்கள் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தால், அதில் என்ன இருக்கும் என்று திறக்காமலே சொல்லிவிடலாம். ஒரு நாடி, ஒரு மூக்கு நுனி, அல்லது நெற்றியின் நடுப்பகுதி. அதன்மேல் சிவந்த ஒரு சின்ன மேடு. கீழே ஒரு வரி: "அக்கா, நாளைக்குக் கலியாணம். ஏதாவது செய்யலாமா?"

எங்கள் சபையில் தாதிமாராக வேலை செய்கிறவர்கள் சிலர் இருக்கிறோம். ஆராதனை முடிந்து தேநீர்க் கோப்பையோடு நிற்கும்போது பெரியவர்கள் எங்களிடம் சீனி வருத்தத்தைப் பற்றியும் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் கேட்பார்கள். வாலிபர்கள் அப்படிக் கேட்பதில்லை. அவர்கள் இரவில், யாருக்கும் தெரியாமல், படம் அனுப்பித்தான் கேட்பார்கள். அதனால் இந்த முறை எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே பதில் எழுதலாம் என்று நினைத்தோம்.

இது சின்னக் கேள்வி என்று நாங்கள் நினைக்கவில்லை. ரொறன்ரோவில் உங்கள் ஒரு வருடத்தை எண்ணிப் பாருங்கள். ஜூனில் பட்டமளிப்பு, கோடை முழுவதும் கலியாணங்கள், இடையில் திடப்படுத்தல் ஆராதனை, டிசம்பரில் கரோல் பவனி. எல்லாவற்றிலும் கமரா இருக்கிறது. எடுத்த படம் அன்று மாலையே யாழ்ப்பாணத்திலும் லண்டனிலும் சென்னையிலும் உள்ள உறவினர்களின் கையில் இருக்கும். பதினாறு வயதில் அந்த ஒரு பரு மலைபோலத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை.

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறோம். ஒரு பருவை ஒரே இரவில் முழுதாக இல்லாமல் ஆக்கும் மருந்து கடையில் இல்லை. வீக்கத்தைக் குறைக்கலாம், நோவைக் குறைக்கலாம், நன்றாக மறைக்கலாம். ஆனால் அவசரத்தில் கையை வைத்தால், ஐந்து நாளில் போகவேண்டியதை ஐந்து மாதம் முகத்தில் வைத்திருக்க முடியும். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் நினைவில் வைக்கப்போகிறீர்கள் என்றால், அதை வையுங்கள்.

திடீரென்று வந்ததா?

நேற்று இல்லை, இன்று இருக்கிறது. ஆகவே திடீரென்று வந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் அந்தப் பருவின் வேலை பல நாட்களுக்கு, சிலவேளை பல கிழமைகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. நம் தோலில் ஒவ்வொரு மயிர்த்துளையோடும் ஒரு எண்ணெய்ச் சுரப்பி சேர்ந்திருக்கிறது. உதிர்ந்த தோல் செல்களும் எண்ணெயும் ஒட்டிக்கொண்டு அந்தத் துளையின் வாயை அடைக்கின்றன. அடைபட்ட இடத்துக்குள், எல்லோருடைய தோலிலும் சாதாரணமாக வாழும் ஒரு பக்டீரியா பெருகுகிறது. உடல் அதை எதிர்க்கிறது. அந்தச் சண்டைதான் நாம் பார்க்கும் சிவப்பும் வீக்கமும் நோவும்.

கலியாணத்துக்கு முதல் நாள் அது வெளியே வருவதற்கும் காரணங்கள் உண்டு. மாதவிடாய்க்கு முந்தின கிழமையில் பல பெண்களுக்குப் பரு கூடும். பதற்றமும் நித்திரைக் குறைவும் இருக்கிற பருவை மோசமாக்கும். புதிதாக வாங்கிய மேக்கப்பைப் பூசிப் பார்த்திருப்போம். தலைக்கு வைத்த எண்ணெய் நெற்றியில் இறங்கியிருக்கும். 2020 இல், ஆஸ்பத்திரியில் நாள் முழுவதும் என்95 முகக்கவசத்தோடு நின்ற காலத்தில், முப்பது வயதைத் தாண்டிய எங்களுக்கே மூக்கிலும் நாடியிலும் பரு போட்டது. முகம் கழுவாததால்தான் வந்தது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பவேண்டாம். பரு அழுக்கினால் வருவதில்லை.

நம் தோல் மறக்காது

நம்மைப் போன்ற மண்ணிறத் தோலுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. எங்கே புண்ணோ அழற்சியோ வருகிறதோ, அங்கே நிறத்தைச் செய்யும் செல்கள் கூடுதலாக வேலை செய்யும். அதனால் பரு ஆறிய பிறகு அந்த இடம் கறுத்துப்போகிறது. வெள்ளைத் தோலில் ஒரு பரு பெரும்பாலும் சிவந்த அடையாளத்தை விட்டுச் செல்லும். நம் தோலில் அது கபில நிறமாகவோ கறுப்பாகவோ பல மாதங்கள் நிற்கும். நசித்தால், சொறிந்தால், எரியும் பொருளைப் பூசினால், அழற்சி ஆழமாகும், கறுப்பும் ஆழமாகும்.

இணையத்தில் வரும் அவசர வைத்தியங்கள் பலவும் வெள்ளைத் தோலை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. அவர்களுக்கு இரண்டு நாள் சிவப்போடு முடிகிற விஷயம் நமக்கு அடுத்த கிறிஸ்மஸ் வரைக்கும் நீளலாம்.

இன்னும் ஒரு கிழமை இருந்தால்

ஒரு கிழமை என்பது நல்ல கால அவகாசம். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய மருந்துகளில் முதன்மையானது பென்சொயில் பெரொக்சைட். பருவுக்குள் இருக்கும் பக்டீரியாவை அது கொல்லும். 2.5 வீதமும் 5 வீதமும் கிடைக்கும். வீதம் கூடினால் வேகமாக மாறும் என்று நினைத்துக் கூடியதை எடுக்கவேண்டாம். சிவந்த பருவைக் குறைப்பதில் 2.5 வீதம் 10 வீதத்துக்குக் குறைந்ததில்லை என்றும், எரிச்சல் மட்டும் குறைவு என்றும் 1980களிலேயே ஆய்வில் கண்டார்கள். நம் தோலுக்கு எரிச்சல் குறைவதுதான் முக்கியம்.

முகத்தை மென்மையாகக் கழுவி, ஈரம் காய்ந்த பிறகு, பருவின்மேல் மெல்லிய படலமாக ஒரு நாளைக்கு ஒரு தரம் பூசுங்கள். முதல் தரம் பாவிக்கிறவர்கள் தாடையின் கீழே ஒரு சிறிய இடத்தில் பூசி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். வீங்கினால், கடித்தால், அது உங்களுக்கு ஒத்துவரவில்லை. இன்னொரு விஷயம்: இந்த மருந்து துணியின் நிறத்தை எடுத்துவிடும். துவாய், தலையணை உறை, சேலைச் சட்டை எதையும் விடாது. கலியாணச் சட்டையை அணிந்து பார்க்கிற நாளில் முகத்தில் இது இருக்கக்கூடாது. இரவில் வெள்ளைத் தலையணை உறை போடுங்கள்.

கரும்புள்ளி, வெண்புள்ளி போன்ற சின்ன அடைப்புகளுக்கு 0.5 முதல் 2 வீதம் வரையான சாலிசிலிக் அமிலம் உதவும். இரண்டையும் ஒரே இடத்தில் ஒரே நாளில் போட்டுத் தோலைக் காயவைக்கவேண்டாம். ஹீற்றர் ஓடுகிற குளிர்காலத்தில் வீட்டுக் காற்றே தோலை உலர்த்திவிடும். வாசனை இல்லாத ஈரப்பதக் கிரீம் ஒன்றைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஃபேஷியல், பிளீச், நூல் போட்டு மயிர் எடுத்தல் எல்லாவற்றையும் இந்தக் கிழமைக்கு முன்பே முடித்துவிடுங்கள். அவற்றுக்குப் பிறகு முகத்தில் சின்னக் கொப்புளங்கள் வருவது பலருக்கு நடக்கிறது. முன்பு செய்யாத எதையும் விசேஷத்துக்கு முந்தின கிழமையில் முதன்முதலாகச் செய்யக்கூடாது.

மூன்று நாள் இருந்தால்

பென்சொயில் பெரொக்சைட்டை ஏற்கெனவே பாவித்துப் பழகியிருந்தால் தொடருங்கள். பழக்கம் இல்லை என்றால் ஒரு நாளைக்கு ஒரு தரத்துக்கு மேல் வேண்டாம்.

பருவைப் பாருங்கள். தலை இல்லாமல் உள்ளே கட்டியாக, தொட்டால் நோவாக இருக்கிறதா? முதலில் குளிர் வையுங்கள். ஐஸ் கட்டியைச் சுத்தமான துணியில் சுற்றி, ஐந்து நிமிடம் மெல்ல வைத்து எடுங்கள். பத்து நிமிடம் விட்டு இன்னொரு தரம் வைக்கலாம். ஐஸை நேரடியாகத் தோலில் வைக்கவேண்டாம், அதுவும் சுடும். வெள்ளைத் தலை தெரியத் தொடங்கிய பிறகு சூட்டுக்கு மாறுங்கள். சுத்தமான துணியை இளஞ்சூடான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பத்து முதல் பதினைந்து நிமிடம் வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று தரம் செய்யலாம். அது தானாக உடையும். நாம் உடைக்கத் தேவையில்லை.

சீழ் தெரிகிற பருவுக்கும் உடைந்துவிட்ட பருவுக்கும் ஹைட்ரோகொலொயிட் ஒட்டு நல்லது. இப்போது மருந்துக்கடைகளில் பொட்டுப்போல வட்டமாக விற்கிறார்கள். எங்களுக்கு இது புதிதில்லை. படுக்கைப் புண்ணுக்கு வார்டில் நாங்கள் ஒட்டும் பெரிய ஒட்டும் இதே பொருள்தான். அது கசிவை உறிஞ்சும், இடத்தை ஈரமாக வைத்து ஆறவிடும். எங்கள் பார்வையில் அதன் மிகப் பெரிய நன்மை, உங்கள் விரலை அந்த இடத்திலிருந்து தள்ளி வைப்பது. ஆழத்தில் இருக்கும் கட்டிக்கு மட்டும் இதனால் பெரிய பயன் இல்லை.

நடிகைகள் ஊசி போட்டு ஒரே நாளில் பருவை மாற்றுகிறார்கள் என்று கேட்கிறீர்கள். உண்மைதான். தோல் வைத்தியர்கள் பெரிய கட்டிப் பருவுக்குள் மிகக் குறைந்த அளவு ஸ்டெரொயிட் ஊசி போடுவதுண்டு; ஒன்று முதல் மூன்று நாட்களில் வற்றும். ஆனால் ஊசி போட்ட இடத்தில் சிலருக்குக் குழி விழலாம், நிறம் வெளுக்கலாம். நம் தோலில் அது பளிச்சென்று தெரியும். அதோடு ஒன்ராறியோவில் தோல் வைத்தியரிடம் போகக் குடும்ப வைத்தியரின் சிபாரிசு வேண்டும், காத்திருக்கவும் வேண்டும். மூன்று நாளில் நடக்கிற காரியமில்லை.

முதல் நாள் இரவு

கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறீர்கள். வீட்டில் எல்லோரும் மருதாணியும் மாலையுமாக ஓடித் திரிகிறார்கள். விரல் தானாக மேலே போகிறது.

எடுங்கள் கையை. பருவை நசித்தால் சீழில் பாதி வெளியே வரும், மீதி உள்ளே ஆழமாகப் போகும். காலையில் ஒரு சின்ன மேடு இருக்கவேண்டிய இடத்தில் பொருக்குக் கட்டிய புண் இருக்கும். மேட்டை மேக்கப்பால் மறைக்கலாம், பொருக்கை மறைக்க முடியாது. மூக்குத் தண்டின் மேற்பகுதியிலிருந்து வாயின் இரு ஓரங்கள் வரையான முக்கோணப் பகுதியில் இன்னும் கவனம் வேண்டும். அங்குள்ள இரத்த நாளங்கள் மூளைக்கு அருகில் உள்ள நாளங்களோடு தொடர்புள்ளவை. கிருமி அந்த வழியில் போவது மிக அரிது. போனால் ஆபத்து பெரியது.

இரவு செய்யவேண்டியது இவ்வளவுதான். முகத்தை இளஞ்சூட்டுத் தண்ணீரிலும் மென்மையான கழுவியிலும் ஒரு தரம் கழுவுங்கள். சவர்க்காரம் போட்டுத் தேய்க்கவேண்டாம். பருவுக்கு ஒருமுறை ஐஸ். பிறகு பழகிய மருந்து, அல்லது ஒட்டு, இரண்டில் ஒன்று. சுத்தமான தலையணை உறை. பிறகு நித்திரை. பெரிய கட்டியாக நொந்தால், உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமானால், இபுபுரோஃபென் ஒரு குளிசை சாப்பாட்டுக்குப் பிறகு நோவைக் குறைக்கும். வயிற்றுப் புண், சிறுநீரக நோய், கர்ப்பம் உள்ளவர்கள் கேட்காமல் எடுக்கக்கூடாது.

அன்று காலை

வீக்கம் இருந்தால் மறுபடியும் துணியில் சுற்றிய ஐஸ், ஐந்து நிமிடம். பிறகு ஈரப்பதக் கிரீம், அதன்மேல் சன்ஸ்கிரீன். சிவப்பு அதிகமாகத் தெரிந்தால் பச்சை நிறக் கொரெக்டர் ஒரு புள்ளி. நம் தோலில் பலருக்குச் சிவப்பைவிடக் கறுப்புத்தான் தெரியும். அதற்குப் பீச் அல்லது செம்மஞ்சள் நிறம் சரி. அதன்மேல் உங்கள் நிறத்துக்குப் பொருத்தமான கன்சீலர், தேய்க்காமல் தட்டித் தட்டி. துளையை அடைக்காதது என்ற பொருளில் பெட்டியில் நொன்-கொமெடோஜெனிக் என்று எழுதியிருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

மணத்தோழிகள் எல்லோருக்கும் ஒரே பிரஷ் சுற்றுவதை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம். வேண்டாம். உங்கள் பிரஷைக் கழுவிக் கொண்டுபோங்கள், மேக்கப் செய்கிறவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். தம்பிமாரே, நீங்களும் கேளுங்கள்: பருவுக்கு மேலே சவரக் கத்தியை ஓட்டவேண்டாம். அந்த இடத்தை விட்டுச் சவரம் செய்யுங்கள், புதிய பிளேட்டை மயிர் வளர்ந்த திசையிலேயே இழுங்கள். மாப்பிள்ளைக்கும் இதே விதிதான்.

குசினி வைத்தியங்கள்

எங்களுக்கும் அம்மம்மாமார் இருந்தார்கள். அவர்களின் கைமருந்தை நாங்கள் சிரித்து ஒதுக்குகிறவர்கள் இல்லை. ஆனால் முகத்துக்குச் சிலவற்றை வேண்டாம் என்றே சொல்கிறோம்.

தேசிக்காய்ச் சாறு முதலாவது. அது அமிலம். அதோடு தேசிக்காய் பட்ட தோலில் வெயில் பட்டால் தீப்பட்டதுபோலக் கொப்புளம் போட்டுக் கறுக்கலாம். ஜூலை மாதம் மார்க்கத்தில் ஒரு பூங்காவில் கலியாணப் படம் எடுக்கப் போகிற பிள்ளைக்கு இதைவிடக் கெட்ட மருந்து இல்லை. பற்பசை தோலை எரிக்கும். அது பல்லுக்குச் செய்தது. அப்பச் சோடா தோலின் காப்பைக் கெடுக்கும். தேங்காய் எண்ணெய் துளையை அடைக்கும். தலைக்கு வையுங்கள், முகத்துக்கு வேண்டாம். மஞ்சள் சிலருக்கு ஒவ்வாமை தரும், எல்லோருக்கும் கறை தரும். கை கழுவும் சானிடைசரை முகத்தில் பூசிய ஒரு தம்பியும் எங்களிடம் வந்திருக்கிறார். அவரின் கன்னம் ஒரு கிழமை உரிந்தது.

இவை எல்லாம் சின்னத் தவறுகள். பெரிய தவறு இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினோம்.

இரண்டு நாளில் மாற்றிய கிரீம்

எங்கள் வாலிபர் கூட்டத்துத் தங்கை ஒருத்தியின் கதை இது. அவளே எழுதச் சொன்னாள், பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

அப்போது அவளுக்குப் பதினேழு வயது. அக்காவின் கலியாணம் சனிக்கிழமை, இவள் மணத்தோழி. வியாழன் காலை கன்னத்தில் இரண்டு பரு. வீட்டுக்கு வந்திருந்த ஒரு அன்ரி, பிள்ளை அழுகிறாளே என்ற இரக்கத்தில், தன் கைப்பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளை டப்பாவைக் கொடுத்தார். யாரோ பயணத்தில் கொண்டுவந்தது. "இரவிலே பூசு மோளே, இரண்டு நாளிலே முகம் வெளிக்கும்" என்றார்.

இரண்டு நாளில் வெளித்தது. சனிக்கிழமை அவள் முகத்தில் ஒரு புள்ளி இல்லை. "இன்றைக்கு முகம் பளிச்சென்று இருக்கிறதே" என்று அவளிடம் சொன்னவர்களில் நாங்களும் இருந்தோம்.

அடுத்த பரு வந்தபோது அதே டப்பா. பிறகு பரு இல்லாவிட்டாலும் டப்பா. நான்கு மாதம். டப்பா முடிந்த கிழமையில் முகம் முழுவதும் சிவந்து எரிந்தது, கன்னம் இரண்டிலும் கொப்புளம் நெருக்கமாகப் போட்டது. தண்ணீர் பட்டாலே சுட்டது. அவள் வாலிபர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினாள், பாடகர் குழுவை விட்டாள், வகுப்பில் கமராவை அணைத்தாள். பரீட்சைக் காலம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். ஒரு மாதத்துக்கு மேல் சென்ற பிறகுதான் எங்களில் ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். அவள் அந்த வெற்று டப்பாவை எடுத்துக் காட்டினாள். உள்ளே என்ன இருக்கிறது என்று அதில் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

குடும்ப வைத்தியர் முகத்தைப் பார்த்ததுமே ஸ்டெரொயிட் கிரீம் பூசினாயா என்று கேட்டார். தோல் வைத்தியரும் அதையே சொன்னார். பீற்றாமெதசோன், குளோபெட்டசோல் போன்ற வலுவான ஸ்டெரொயிட்டுகள் எக்ஸிமா போன்ற நோய்களுக்கு வைத்தியர் சொல்லும் இடத்தில், சொல்லும் நாள்வரை பூசவேண்டிய நல்ல மருந்துகள். முகத்தில் தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், நாளம் தெரியும், பருவே புதிதாகப் போடும். நிறுத்தினால் முகம் பற்றி எரியும். அதனால்தான் விட முடியாமல் போகிறது. இந்தியாவில் இந்த நோயாளிகள் மிகுந்ததால், தோல் வைத்தியர்கள் ஸ்டெரொயிட்டால் கெட்ட முகம் என்று இதற்குத் தனிப் பெயரே வைத்தார்கள். 2018 இல் இந்திய அரசு பல ஸ்டெரொயிட் கிரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று ஆக்கியது. இங்கே ஹெல்த் கனடாவும், அனுமதியில்லாமல் விற்கப்படும் தோல் கிரீம்களில் ஸ்டெரொயிட்டும் ஹைட்ரோகுயினோனும் இருப்பதாகத் திரும்பத் திரும்ப எச்சரித்து வருகிறது. சில வெண்மைக் கிரீம்களில் பாதரசமும் இருக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

எங்கள் தங்கைக்கு முகம் ஆற ஆறு மாதத்துக்கு மேல் சென்றது. இப்போது அவள் மறுபடியும் பாடுகிறாள். கன்னத்தில் இரண்டு இடத்தில் நிறம் இன்னும் சேரவில்லை. அவர்கள் வீட்டு வரவேற்பறையில் அக்காவின் கலியாணப் படம் பெரிதாக மாட்டியிருக்கிறது. அதில் இவள் முகத்தில் ஒரு பருவும் இல்லை. அதற்குப் பிந்தின ஒரு வருடத்துக்கு அந்த வீட்டில் இவளின் படம் ஒன்றும் இல்லை.

எந்தக் கிரீமைத் தொடலாம் என்று அறிய ஒரு எளிய வழி உண்டு. கனடாவில் பருவுக்கு மருந்து என்று அனுமதி பெற்று விற்கப்படும் பொருளின் பெட்டியில், டி-ஐ-என் அல்லது என்-பி-என் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு 8 இலக்க எண் ஒன்று இருக்கும். பருவை மாற்றும் என்று சொல்லிவிட்டு அந்த எண் இல்லாவிட்டால், யார் அன்போடு கொடுத்தாலும் பூசவேண்டாம். ஏற்கெனவே பல கிழமை பூசி வருகிறீர்களா? டப்பாவோடு வைத்தியரிடம் போங்கள். எப்படி விடுவது என்று அவர் சொல்லட்டும். யாரும் உங்களை ஏசமாட்டார்கள்.

கேட்க ஆள் இருக்கிறார்

குடும்ப வைத்தியரிடம் நேரம் எடுக்க மூன்று கிழமை ஆகும் என்பீர்கள். ஒன்ராறியோவில் 2023 ஒக்டோபர் 1 முதல் லேசான பருவுக்கு மருந்தாளரே உங்களைப் பார்த்து மருந்து எழுதலாம். பல மருந்துக்கடைகளில் இந்தச் சேவை இருக்கிறது. சுகாதார அட்டையைக் கொண்டுபோங்கள். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை, மருந்தின் விலை வேறு. தனியார் காப்புறுதி இல்லாத, 24 வயதுக்கு மேற்படாதவர்களுக்கு ஓஹிப் பிளஸ் மூலம் பல மருந்துகள் இலவசமாகக் கிடைக்கும். உங்களுடையது அதில் சேருமா என்று அங்கேயே கேளுங்கள். சீட்டில் தரும் அடபலீன் போன்ற மருந்துகள் வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் எடுக்கும், முதலில் சிறிது உரியவும் செய்யும். ஆகவே ஓகஸ்ட் கலியாணத்துக்கு மே மாதமே போங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லவேண்டும்.

ஒரு பருவைச் சுற்றிச் சிவப்பு வேகமாகப் பரவினால், கண் வீங்கினால், காய்ச்சலோ கடும் தலையிடியோ சேர்ந்தால் காத்திருக்கவேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அவசரமா இல்லையா என்று தெரியாவிட்டால் 811 ஐ அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் ஒரு பதிவு பெற்ற தாதி பேசுவார், மொழிபெயர்ப்பும் கேட்கலாம். ஆழமான கட்டிகள் திரும்பத் திரும்ப வந்து குழி விழுந்தால், அல்லது பருவை நினைத்து வெளியே போகவே மனம் வராவிட்டால், அது வைத்தியரிடம் போகவேண்டிய காரியம். மனம் சோர்வதும் நோயின் ஒரு பகுதிதான்.

வீட்டிலும் சபையிலும்

பெற்றோருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை கதவைத் திறந்து வந்ததும் "என்ன பிள்ளை முகமெல்லாம்?" என்று கேட்காதீர்கள். அவளுக்குத் தெரியும், காலையிலிருந்து அவள் அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "கறுத்துப்போனாய்" என்பதும் அப்படித்தான். அந்தச் சொல்தான் பல வீடுகளில் வெள்ளை டப்பாவுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. "பளிச்சென்று இருக்கிறாய்" என்று முகத்தை மட்டும் புகழ்வதையும் நாங்கள் அந்தக் கலியாணத்துக்குப் பிறகு குறைத்துக்கொண்டோம். நன்றாகப் பாடினாய், கண்டது சந்தோஷம் என்று சொல்ல எவ்வளவோ இருக்கிறது.

சாமுவேல் தீர்க்கதரிசி ஈசாயின் வீட்டில் மூத்த பிள்ளையின் தோற்றத்தைக் கண்டு ஏமாறப்போன கதையை ஞாயிறு பாடசாலையிலேயே படித்தோம். ஆனால் அதை மட்டும் சொல்லி, முகத்தைப் பற்றிக் கவலைப்படாதே என்று உங்களை அனுப்பிவிட எங்களுக்கு மனமில்லை. வேதத்தில் இன்னொரு காட்சியும் உண்டு. எசேக்கியா ராஜா பிளவையால் சாகக் கிடக்கிறான். அவன் பிழைப்பான் என்ற வாக்கு தேவனிடமிருந்து வந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிப் புண்ணின்மேல் வைக்கச் சொல்கிறார். தாதிமாராகிய எங்களுக்கு அந்தப் பகுதி மிகவும் பிடிக்கும். விசுவாசம் இருந்த இடத்திலும் புண்ணுக்குப் பொருத்தமான மருந்து வைத்தார்கள். அதற்காக யாரும் வெட்கப்படவில்லை.

ஆகவே மருந்து போடுங்கள், சரியானதைப் போடுங்கள், பொறுத்திருங்கள். இரவு பத்து மணிக்கும் எங்களுக்குப் படம் அனுப்பலாம். இன்னும் கொஞ்சம் முன்னதாக, புதன்கிழமையே அனுப்பினால் கூடுதலாக உதவலாம். ஒன்றும் பலிக்காமல் ஞாயிறு காலை அந்தப் பரு அப்படியே நின்றால், அதோடேயே வாருங்கள். பாடகர் குழுவில் உங்கள் இடத்தை வைத்திருப்போம்.